4 நாள் கோழிக்குஞ்சு திடீர்னு சாவது ஏன்? கிட்னிக்குள் நடப்பது என்ன? பிராய்லர், நாட்டுக்கோழி... இனத்துக்கு இனம் மாறுமா?

ஹேட்சரியில் இருந்து வந்து இறங்கும்போது குஞ்சுகள் நன்றாகத்தான் இருந்திருக்கும். நாலாவது, ஐந்தாவது நாளில் ஒவ்வொன்றாகச் சோர்ந்து விழ ஆரம்பிக்கும். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் இதயம், ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பூச்சு. நாமக்கல், பல்லடம் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள், 'இது கவுட்' என்று.

அந்த வெள்ளை, சுண்ணாம்பு இல்லை. யூரிக் அமில உப்பு. கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவு, தள்ள முடியாமல் உடம்புக்குள்ளேயே படிந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

கோழிக்கு கிட்னி எங்கே இருக்கு?

கோழிக்கறி வாங்கும்போது முதுகெலும்புத் துண்டைக் கவனித்திருக்கிறீர்களா? எலும்புப் பள்ளத்தில் அடர்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் நோண்டினாலும் முழுசாக வராது. பலரும் அதை ரத்தக்கட்டி என்று நினைக்கிறார்கள். அதுதான் கிட்னி.

ஆட்டுக்கு இருப்பது போல உருண்டையாக, தனியாக எடுக்கிற மாதிரி இருக்காது. நுரையீரலுக்குப் பின்னால் தொடங்கி, இடுப்பெலும்பின் பள்ளங்களுக்குள் நீளமாகப் பதிந்திருக்கும். பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் முன், நடு, பின் என 3 பிரிவுகள். கோழிக்கு சிறுநீர்ப்பை கிடையாது. கிட்னியில் இருந்து வரும் குழாய் நேராக எச்சம் வெளியேறும் அறைக்கே போய்விடும். எச்சத்தின் மேல் தெரியும் வெள்ளைப் பகுதிதான் அதன் 'சிறுநீர்'.

1 நாள் குஞ்சின் கிட்னி எப்படி இருக்கும்?

முட்டைக்குள் இருக்கும் 21 நாட்களில் கருவுக்கு ஒன்றன் பின் ஒன்றாக 3 கிட்னிகள் உருவாகின்றன. முதலாவது பெயருக்குத்தான். இரண்டாவது, முட்டைக்குள் வேலை பார்க்கும். மூன்றாவதுதான் கடைசிவரை கூட வருவது. முட்டைக்குள் சேரும் கழிவு ஒரு தனிப் பையில் ஒதுக்கப்படும். குஞ்சு வெளியே வந்த பிறகு ஓட்டின் உள்சவ்வில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அந்தக் கசடு இதுதான்.

ஓட்டை உடைத்து வந்துவிட்டதால் கிட்னி முழுசாகத் தயார் என்று அர்த்தம் இல்லை. ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்கள் பொரித்த பிறகும் சில வாரங்களுக்குப் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். அந்தக் குழாய்களிலும் 2 வகை உண்டு. தண்ணீரை இழுத்துச் சேமிக்க உதவும் வளைவு, மனிதர்களுக்கு இருப்பது போல, சிறுபான்மைக் குழாய்களில்தான் இருக்கும். பெரும்பான்மை ஊர்வன வகைக் குழாய்கள். அவற்றில் வளைவே கிடையாது.

யூரிக் அமிலமோ தண்ணீரில் எளிதில் கரையாது. ஓட்டம் குறைந்தால் குழாய்க்குள்ளேயே கெட்டியாகிவிடும். பொரித்த குஞ்சு, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்து 2, 3 நாள் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நம்பிக்கையில் பெட்டியிலேயே அதிக நேரம் கிடக்கும் குஞ்சு, வெயில் காலத்தில் தண்ணீர் வற்றிப்போய்த்தான் பண்ணைக்கு வந்து சேரும். பாதி கவுட் கேஸ்களின் கதை லாரியிலேயே தொடங்கிவிடுகிறது என்று சொன்னால் கூட மிகையாகாது.

இனத்துக்கு இனம் மாறுமா?

அமைப்பு மாறாது. சுமார் 40 கிராம் இருக்கும் பிராய்லர் குஞ்சோ, அதைவிடச் சின்னதான சிறுவிடையோ, கடக்நாத்தோ, எதை எடுத்தாலும் அதே 3 பிரிவு, அதே பள்ளம். உடம்புக்கு ஏற்ப அளவுதான் வேறுபடும்.

மாறுவது சுமை. பிராய்லர் 6 வாரத்தில் 2 கிலோவைத் தாண்டும்படி வளர்க்கப்பட்ட இனம். ஆரம்பத் தீவனத்திலேயே புரதம் 22 சதவீதம் அளவுக்கு இருக்கும். உடம்பு பயன்படுத்தாத புரதத்தின் நைட்ரஜன் பெரும்பாலும் யூரிக் அமிலமாகத்தான் வெளியேற வேண்டும். இன்னும் வளர்ந்து முடியாத கிட்னிக்கு இது லேசான வேலை இல்லை. மெதுவாக வளரும் நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு அந்த அவசரம் கிடையாது.

பரம்பரையும் ஒரு காரணம்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ரத்தத்தில் யூரிக் அமிலம் அதிகமுள்ள கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, மூட்டில் கவுட் வரும் ஒரு வழியையே உருவாக்கிக் காட்டினார்கள். அந்தக் கோழிகளின் கிட்னிக் குழாய்களால் யூரிக் அமிலத்தைச் சரியாக வெளியே தள்ள முடியவில்லை.

அதுக்காக 'நாட்டுக்கோழிக்கு கவுட்டே வராது' என்று நினைத்தால் தப்பு. வீட்டில் குஞ்சு வளர்ப்பவர்கள் சிலர், கைவசம் இருக்கிறதே என்று முட்டைக்கோழி தீவனத்தை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதில் கால்சியம் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்குத் தேவை 1 சதவீதம்தான். மிச்சம் கிட்னியைத்தான் தாக்கும், அசில் குஞ்சாக இருந்தாலும்.

வேறு என்ன காரணம்?

வைரஸ். இந்தியாவில் 2011-12 காலகட்டத்தில் பிராய்லர் குஞ்சுகளில் பரவலாகக் கவுட் வந்தபோது, ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்ட்ரோ வைரஸைக் காரணமாகக் கண்டறிந்தார்கள். ஐ.பி. எனப்படும் பிராங்கைட்டிஸ் வைரஸின் சில வகைகளும் நேராக கிட்னியைக் குறிவைக்கும். பூஞ்சை பிடித்த தீவனமும் அப்படியே. வெயிலுக்கு நல்லது என்று தண்ணீரில் சமையல் சோடாவை அள்ளிக் கலப்பதும் கிட்னியைக் கெடுக்கும்.

குஞ்சு இறங்கியதும் தீவனத்துக்கு முன்னால் தண்ணீர் காட்டுவது, அலகை மெதுவாக நனைத்து எங்கே தண்ணீர் இருக்கிறது என்று பழக்குவது பண்ணைகளில் பழைய வழக்கம். குஞ்சுகள் தொடர்ந்து செத்தால் மருந்து வாங்கி ஊற்றுவதற்கு முன், செத்த குஞ்சு இரண்டையாவது கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிட்னியை ஏற்கெனவே தாக்கியிருப்பது வைரஸா, தீவனமா என்று தெரியாமல் கொடுக்கும் சில ஆன்டிபயாட்டிக்குகள் அதே கிட்னிக்குத்தான் அடுத்த அடியாக இறங்கும்.