மாசிக்காய் மையில் நாகப்பட்டினம்

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் கிடைக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் உரசிக் கொடுப்பார்கள். அதே கடையில் அன்னபேதியும் உண்டு. மாசிக்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் அன்னபேதியைக் கரைத்து, கொஞ்சம் பிசின் சேர்த்தால் மை தயார். எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் இந்த மையில்தான் எழுதியது. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்து, 1781 வரை வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தர்களும் இந்த மையைத்தான் தொட்டு எழுதினார்கள். துணி மூட்டைகள், கப்பல் சரக்கு, தஞ்சை அரசவையோடு நடந்த பேரம் எல்லாம் அதில் பதிவாகின.

இந்த மைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதன் அமிலம் காகிதத்தை அரிக்கும். அன்னபேதியில் உள்ள இரும்பு அந்த அழிவை வேகப்படுத்தும். அழுத்தி எழுதிய இடம் முதலில் பழுப்பாகும், பிறகு பொடியும். கடைசியில் எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழும். புரட்டப் புரட்ட உதிரும் இத்தகைய ஏட்டை ஒருமுறை கவனமாக ஸ்கேன் செய்துவிட்டால் அப்புறம் யாரும் தொட வேண்டியதில்லை.

ஆனால் படத்தை இணையத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கம்பெனியின் ஆவணங்களில் மிஞ்சியவை சுமார் 2.5 கோடிப் பக்கங்கள். தி ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், நம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று சிதறிக் கிடக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. இத்தனை பக்கங்களை உட்கார்ந்து படிக்க எத்தனை ஆயுள் வேண்டும்?

நெதர்லாந்தில் குளோபலைஸ் என்ற திட்டம், தி ஹேக்கில் உள்ளவற்றில் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினியை விட்டே படிக்க வைத்திருக்கிறது. கணினி முதலில் வரி ஓடும் தடத்தைப் பிடிக்கும். பிறகு அந்த வரியை மட்டும் எடுத்து, இந்த வளைவு எந்த எழுத்தாக இருக்கலாம் என்று கணிக்கும். மனிதர்கள் படித்து, தட்டச்சு செய்து கொடுத்த பக்கங்களைப் பார்த்துத்தான் அதற்கு இந்தப் பழக்கம் வந்தது. தவறும் செய்யும். அந்தக் கால நீண்ட எஸ், பார்வைக்கு எஃப் மாதிரியே இருக்கும். எம், என், யு அடுத்தடுத்து வந்தால் வெறும் கோடுகள்தான். தாளின் மறுபக்க மை ஊறி வந்திருந்தால் இன்னும் குழப்பம். அதனால்தான் கணினி படித்த வரியோடு மூலப் படத்தையும் வைப்பது அவசியம். சந்தேகம் வந்தால் நம் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

நமக்குச் சிக்கல் பெயர்களில்தான். தமிழ்ப் பெயரை டச்சுக் காது ஒருவிதமாகக் கேட்டது, கை இன்னொரு விதமாக எழுதியது, கணினி மூன்றாவது விதமாகப் படிக்கிறது. நெகபட்னம், நாகபத்னம், நெகபட்டம் என்று மாற்றி மாற்றித் தேடினால்தான் நாகப்பட்டினம் அகப்படும். ஊர்ப் பெயருக்கே இந்தப் பாடென்றால், ஒரு செட்டியாரையோ நெசவாளரையோ கண்டுபிடிக்கத் தமிழ் ஒலி தெரிந்தவர் கூட உட்கார வேண்டும். அந்த ஆட்களை நாம்தான் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று. கப்பல் மூழ்கினாலும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று கம்பெனி ஒரே கடிதத்தைப் பல பிரதிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பியது. இங்கும் ஒரு பிரதி தங்கும். எல்லாக் காப்பகங்களின் படங்களும் ஒரே திரையில் வந்தால், இங்கே ஓட்டையாகிப் போன எழுத்து அங்கே ஒரு பிரதியில் முழுசாக இருக்கலாம்.