உருவாக்கினால் போதாது, பதியவும் வேண்டும்
இலங்கையின் மதுரங்குளிப் பக்கத்து இறால் பண்ணைகளுக்கு ஒரு செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்டில் ‘குளம்’ என்றொரு கன்ஸ்ட்ரக்டரை எழுதிவிட்டால், ‘நியூ’ போட்டு அழைக்கும்போதெல்லாம் புதிய குளப்பொருள் ஒன்று உருவாகும். ஆனால் இதுவரை உருவானவை எவை என்ற கணக்கை மொழி நமக்குத் தராது. 1996இல் இலங்கைப் பண்ணைகளைத் தாக்கிய வெண்புள்ளி நோய் மறுபடி வந்தால், எல்லாக் குளங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பப் பட்டியல் வேண்டுமே! அதனால் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே ஒவ்வொரு பொருளையும் ஒரு ‘செட்’டில் சேர்த்துவிடுவதே முறை.

பட்டியலில் இருக்கும்வரை, கைவிட்ட பொருளும் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்கும் என்பார்கள். நியாயமான கவலைதான். 2021இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த ‘வீக்ரெஃப்’, பொருளைப் பிடித்துவைக்காமல் சுட்டும். ஆனால் அந்தப் பொருள் எப்போது அகற்றப்படும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எனவே சேர்க்கும் வரியை எழுதும்போதே நீக்கும் வரியையும் எழுதிவிடுங்கள்.