நெடுந்தீவின் காப்பிருப்பு

யாழ்ப்பாண நகரில் ஏற்றப்படும் ஓர் அரிசி மூட்டை நெடுந்தீவில் ஒரு வீட்டு உலையைச் சென்றடைய நெடுவழி கடக்க வேண்டும். மொத்த வணிகரின் களஞ்சியத்தில் பாரவூர்தி ஏறும் அம்மூட்டை, பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைத் தீவுக்கு வருகிறது. அங்கிருந்து இன்னொரு தாம்போதி அதனைப் புங்குடுதீவுக்குக் கொண்டு சேர்க்கிறது. புங்குடுதீவின் மேற்கே குறிகட்டுவான் இறங்குதுறையில் தரைவழி முடிகிறது. மூட்டை ஒருவர் தோளேறிப் படகினுள் இறங்குகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடலோட்டத்தின் பின் மாவிலித்துறையில் மறுபடியும் தோளேறுகிறது. உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி, முருகைக்கல் மதில்களுக்கு இடையே செல்லும் வீதியால் கடைக்குப் போகிறது. நெல்லின் விலையோடு இந்த ஏற்றுக்கூலியும் இறக்குகூலியும் படகுக்கூலியும் சேர்ந்தே நெடுந்தீவில் அரிசியின் விலை ஆகின்றன.

எதை, எவ்வளவு, எப்போது, எவ்வழியாக ஆக்குவது, நகர்த்துவது என்று ஆராய்ந்து முடிவு காணும் அறிவுத்துறைகளே செயற்பாட்டு முகாமையும் வழங்கல் முகாமையும். பாடநூல்கள் இவற்றை மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளையும் பேரங்காடிகளையும் கொண்டு விளக்குகின்றன. வடகடலின் தீவுகளிலோ இத்துறைகளின் அடிப்படைகள் இன்னும் தெளிவாகப் புலப்படுகின்றன என்பது என் துணிபு. இங்கே வழங்கல் தொடரின் கண்ணிகள் மிகச் சில. ஒன்று அறுந்தால் அன்றே ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

கடைக்காரர் முதலில் எதிர்கொள்வது, ஒரு தடவையில் எவ்வளவு கொள்வனவு செய்வது என்ற கேள்வி. 1913-இல் ஃபோர்ட் விட்மன் ஹாரிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இதற்குக் கணித விடை தந்தார். ஒவ்வொரு கொள்வனவுக்கும் ஒரு நிலைச்செலவு உண்டு. சரக்கின் அளவு கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது. வைத்திருக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் காப்புச் செலவு உண்டு. அது அளவோடு வளரும். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறையும் இடமே ஏற்ற அளவு. அவ்வளவு நிலைச்செலவின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது. நிலைச்செலவு நான்கு மடங்கானால் கொள்வனவு இரண்டு மடங்காக வேண்டும். கடையை ஒருவரிடம் ஒப்படைத்து, படகேறி, பேருந்தேறி, நகருக்குப் போய் மீளும் நெடுந்தீவு வணிகருக்கு நிலைச்செலவு மிகப் பெரிது. ஆகவே அதே அளவு விற்கும் நகரக் கடையைவிட அவரது பின்னறை பெரிதாக இருக்க வேண்டியுள்ளது. உப்புக்காற்றின் ஈரமும் வண்டும் எலியும் அப்பின்னறையில் அவரது முதலை அரிக்கின்றன. சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டியும் ஓடுகிறது.

ஆயினும் ஹாரிஸின் கணக்கு, சரக்கு சொன்ன நாளில் வந்து சேரும் என்று கொள்கிறது. தீவின் இடர் அங்கேதான் தொடங்குகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வீசும், கடல் கொந்தளிக்கும். ஐப்பசி தொட்டு வாடைக்காற்றும் மாரி மழையும் தாழமுக்கங்களும் வரும். படகு ஓடும் நாளும் ஓடாத நாளும் காற்றின் கையில் இருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் நாளொன்றுக்குச் சராசரி 40 கிலோ அரிசி விற்கிறது எனவும், அவ்விற்பனையின் நியம விலகல் 10 கிலோ எனவும் கொள்வோம். சொல்லி அனுப்பிய சரக்கு சராசரி மூன்று நாளில் வருகிறது. காற்றினால் அக்காலத்தின் நியம விலகல் இரண்டு நாள். சரக்கு வருமுன் கையிருப்புத் தீராதிருக்க, சராசரித் தேவைக்கு மேல் ஒரு காப்பிருப்பு வேண்டும். அதன் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு உறுதியின்மைகள்: வாடிக்கையாளர் எவ்வளவு வாங்குவர் என்பது ஒன்று, படகு எப்போது வரும் என்பது மற்றொன்று. முன்னதன் பங்கு 3 × 10², அதாவது 300. பின்னதன் பங்கு 40² × 2², அதாவது 6,400. கூட்டுத்தொகை 6,700, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 82. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை அரிசி தீராதிருக்க வேண்டுமாயின் அதனை 1.65 ஆல் பெருக்க வேண்டும். காப்பிருப்பு 135 கிலோ ஆகிறது.

இங்கே இரண்டு சீர்திருத்தங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாவது, விரைவு: சராசரிக் காலத்தை மூன்று நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைக்கிறோம், ஆனால் காற்றின் தடுமாற்றம் அப்படியே இருக்கிறது. காப்பிருப்பு 134 கிலோ. மிச்சம் ஒரே ஒரு கிலோ. இரண்டாவது, உறுதி: மூன்று நாள் மூன்று நாளாகவே இருக்கட்டும், ஆனால் சொன்ன நாளில் தவறாமல் சரக்கு வரட்டும். காப்பிருப்பு 29 கிலோவாகச் சுருங்குகிறது. வழியில் கழியும் நாளுக்கான 40 கிலோவை விரைவு மிச்சப்படுத்தும் என்பது மெய். அதனைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் உறுதி தரும் பயன் இரண்டரை மடங்குக்கு மேல்.

தீவுகளின் போக்குவரத்தைப் பற்றி முடிவெடுப்போர் அனைவரும் இக்கணக்கைத் தம் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். புதுப் படகு வரும்போதெல்லாம் எத்தனை நிமிடத்தில் கடக்கும், எத்தனை பேரை ஏற்றும் என்பவையே பேசப்படுகின்றன. எத்தகைய அலையில் அது ஓடும், பழுதானால் மாற்றுப் படகு எங்கே நிற்கிறது, பழுதுபார்க்கும் பொறிஞர் எவ்வளவு நேரத்தில் துறைக்கு வருவார் என்பவை அருகியே கேட்கப்படுகின்றன. நெடுந்தீவுக் கடையின் பின்னறையில் முடங்கிக் கிடக்கும் முதலை விடுவிப்பவை இந்தப் பிற்கேள்விகளே.

படகின் உறுதியின்மையை இத்தீவுகளின் மக்கள் பன்னெடுங்காலம் தம் சமையலறையிலேயே எதிர்கொண்டு வந்தனர். அதற்குத் துணை நின்றது பனை. ஆடி, ஆவணியில் விழும் பழத்தின் களியைப் பிழிந்து பாயில் பரப்பி, நாள்தோறும் படைமேல் படையாக ஊற்றிக் காயவிட்டால் பனாட்டு. விதையைப் பாத்தியிட்டுத் தை, மாசியில் கிழங்கைக் கிண்டி எடுத்து, பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பதநீரைக் காய்ச்சிக் குட்டானில் ஊற்றினால் பனங்கட்டி. மீன் மிகுந்த நாளில் கருவாடு. இவை அனைத்தும் ஈரம் நீக்கி, மாதக்கணக்கில் கெடாதபடி செய்யப்பட்ட இருப்புகள். பனாட்டைப் பாணியில் ஊறவைத்து மேலும் நெடுநாள் காத்தனர். ஒடியலை இடித்து மாவாக்கி, மீனும் நண்டும் கீரையும் சேர்த்துக் கூழ் காய்ச்சினால் படகு வராத நாளிலும் ஒரு குடும்பம் பசியாறும். பருவத்தில் மிகும் நிரம்பலைப் பருவம் கடந்த கேள்விக்கு, அதாவது தேவைக்கு, ஈடாகச் சேமிக்கும் திட்டமிடலே இது. முகாமை நூல்கள் இதற்குத் தனி அதிகாரம் ஒதுக்கியுள்ளன.

உறுதியின்மை காற்றினால் மட்டும் வருவதன்று. 1985 மே 15-இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகில் பயணம் செய்தோரில் பலர், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். நோயாளரும் மாணவரும் சரக்கும் சென்ற ஒரே வழி அது. 1990-இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருளும் மின்கலமும் சவர்க்காரமும் அரிய பொருள்களாயின. 2006 ஆகஸ்ட்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது குடாநாடு முழுவதுமே கப்பலை எதிர்பார்க்கும் ஒரு தீவாயிற்று. அக்காலங்களைக் கடந்து வந்த வீடுகளில் இன்றும் ஒரு கான் மண்ணெண்ணெயும் ஒரு மூட்டை அரிசியும் மிகையாகவே இருக்கும். அதனைத் தேவையற்ற பதுக்கல் என்று எவரேனும் கூறினால் நான் உடன்படமாட்டேன். கண்ட இடரின் அளவுக்கு ஏற்பவே காப்பிருப்பு அமைகிறது.

ஆனால் எல்லாரும் ஒரே நாளில் காப்பிருப்பைப் பெருக்க முயன்றால் வேறொரு தீங்கு விளையும். தட்டுப்பாடு வரப்போகிறது என்ற செய்தி பரவுகிறது. வீடுகள் இரண்டு மடங்கு வாங்குகின்றன. கடைக்காரர் அதனை மெய்யான கேள்வி என்று கருதி மூன்று மடங்கு சொல்லி அனுப்புகிறார். மொத்த வணிகர் இன்னும் கூட்டிக் கேட்கிறார். அடியில் எழுந்த சிற்றலை தொடரின் தலையில் பேரலையாகிறது. ஜே ஃபோரஸ்டர் 1958-இல் இவ்விளைவை விளக்கினார். 2022-இன் எரிபொருள் நெருக்கடியில் இலங்கை முழுவதும் இதைக் கண்டது. மண்ணெண்ணெய்க்குக் காத்து நின்ற கடற்றொழிலாளரின் வள்ளங்கள் கரையில் கிடந்தன. இதற்கு மருந்து, இருப்பு எவ்வளவு, அடுத்த சரக்கு எப்போது என்ற செய்தியை எல்லார்க்கும் தெரியப்படுத்துவதே. கூட்டுறவுச் சங்கக் கடையின் வாயிலில் அன்றாடம் எழுதி வைக்கும் ஒரு பலகை இவ்வேலையைச் செய்யும்.

வரிசையும் இருப்பைப் போன்றதே. அதில் காத்திருப்பவர் மக்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழா நாள்களில் குறிகட்டுவானில் அடியார் கூட்டம் அலைமோதும். கடல்வழி கால்மணி நேர அளவே. காத்திருப்போ மணிக்கணக்கில் நீளும். ஜோன் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இதற்கு உதவுகிறது: வரிசையில் நிற்போர் தொகை, வருகை வேகத்தையும் சராசரிக் காத்திருப்பையும் பெருக்கிய தொகைக்குச் சமம். மணிக்கு 600 பேர் வந்து, ஒவ்வொருவரும் அரை மணி காத்திருந்தால், எக்கணத்திலும் 300 பேருக்கு நிழலும் நீரும் வேண்டும். துறையில் எவ்வளவு பெரிய கொட்டகை அமைப்பது என்பதற்கு இதைவிட எளிய கணக்கு இல்லை.

அதே 1961-இல் ஜோன் கிங்மன் காட்டிய உண்மை இன்னும் கூர்மையானது. கொள்ளளவில் 80 விழுக்காடு பயன்படும் துறையில் உள்ள காத்திருப்பு, 90 விழுக்காடானால் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. 95 ஆனால் ஏறத்தாழ ஐந்து மடங்கு. வருகையும் படகோட்டமும் ஒழுங்கற்றிருந்தால் இவை இன்னும் பெருகும். பேருந்துகள் நான்கைந்து ஒன்றாக வந்து துறையில் மக்களை இறக்குவதும், படகு நிரம்பும்வரை புறப்படாதிருப்பதும் அவ்வொழுங்கின்மையே. ஆகவே ஒரு படகைக் கூட்டுவதற்கு முன், புறப்படும் நேரத்தைக் கட்டிக் காத்தாலே வரிசையின் ஒரு பகுதி கரைந்துவிடும்.

அக்கரையான நயினாதீவில் கோயிலின் அமுதசுரபி அன்னதான மண்டபம் பந்தி பந்தியாகச் சோறிடுகிறது. மணிமேகலை பெற்ற பாத்திரத்தின் பெயர் அதற்கு. அப்பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இத்தீவே என்று கொள்ளும் அறிஞரும் உளர். காப்பியத்தின் பாத்திரம் எடுக்க எடுக்கக் குறையாதது. மண்டபத்தின் அடுப்புக்கோ அரிசியும் விறகும் பெரும்பகுதி கடல் கடந்தே வரவேண்டும். அங்கே சமைப்போருக்கு ஒரு நற்பேறு உண்டு: துறையை நெருங்கும் படகுகளைக் கண்டு, அடுத்த பந்திக்கு எத்தனை பேர் என்று முன்னரே மதிக்கலாம். கேள்வியைக் கண்ணால் கண்டு அதற்கேற்ப உலை வைக்கும் இம்முறையைத் தொயோட்டாத் தொழிற்சாலைகளில் தாயிச்சி ஓனோ வகுத்த முறையோடு ஒப்பிடுவது மிகையாகாது.

ஊர்காவற்றுறை ஒரு காலத்தில் பாய்க்கப்பல்கள் சரக்கேற்றிய துறைமுகம். இன்று அங்கிருந்து காரைநகருக்குப் பாதை எனப்படும் மிதவை ஓடுகிறது. இருகரை வீதிகளையும் எவ்வளவு அகலமாக்கினாலும், அவ்வழியாக ஒரு நாளில் கடக்கும் வண்டிகளின் தொகை மிதவை எத்தனை தடவை போய்வருகிறது என்பதையே பொறுத்தது. எலியாகு கோல்ட்ராட் 1984-இல் ஒரு புதினத்தின் வழியே பரப்பிய இடுக்குக் கோட்பாட்டின் சாரம் இதுவே.

இறுதியாக மின்சாரம். நெடுந்தீவின் மின்விளக்குகள் டீசல் பொறிகளால் எரிந்து வந்தன. அந்த டீசலும் படகேறியே வரவேண்டும். 2024 மார்ச்சில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியவை இணைந்த கலப்பு மின்நிலையங்களை அமைக்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்திய அரசின் 11 மில்லியன் அமெரிக்க டொலர் நன்கொடை அதற்கு ஒதுக்கப்பட்டது. இதில் மின்கலம் ஓர் இரவுக்கான இருப்பு, டீசல் காப்பிருப்பு. அக்காப்பிருப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஆண்டு முழுவதும் ஒரே அளவினதன்று. சோளகக் காலத்தில் படகை நிறுத்தும் அதே காற்று காற்றாடியைச் சுழற்றும். வழங்கல் தடைப்படும் நாளில் ஆக்கம் மிகும். அப்போது தொட்டியில் டீசல் குறைந்திருந்தாலும் அச்சமில்லை. கார்த்திகை, மார்கழியில் தாழமுக்கம் வந்தால் நிலைமை மாறுகிறது: முகில் கதிரவனை மறைக்கிறது, கடல் படகை மறிக்கிறது, இரண்டும் ஒரே நாளில் நேர்கின்றன. ஆகவே தொட்டியை நிரப்ப வேண்டிய காலம் ஐப்பசிக்கு முன், சோளகம் தணிந்து கடல் சற்று அமைதியாகும் சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் அரிசியும் மருந்தும் சீமெந்தும் அதே படகில் இடம் கேட்டு நிற்கும் என்பதால், எதற்கு முதலிடம் என்பதைப் பிரதேச செயலகமும் படகோட்டிகளும் வணிகரும் ஆவணியிலேயே கூடி வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.