பழைய ஃபைபர் படகை என்ன செய்வது?

கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் கடற்கரைகளில் ஃபைபர் படகுகளைக் காணலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கட்டுமரங்களும் படகுகளும் உடைந்தன. அவற்றுக்குப் பதிலாகப் பல ஊர்களில் ஃபைபர் படகுகள் கொடுக்கப்பட்டன. ஃபைபர் படகு மரம்போல் உளுத்துப் போகாது. ஆனால் அதற்கும் வயது உண்டு. ஓட்டை விழுந்த படகை என்ன செய்வது?

ஃபைபர் என்றால் என்ன?

கண்ணாடியை உருக்கி மெல்லிய இழையாக இழுக்கிறார்கள். இழைகளைப் பாய்போல் ஆக்குகிறார்கள். பாயை அச்சில் விரித்து, ரெசின் என்னும் பிசினைப் பூசுகிறார்கள். அது இறுகிக் கெட்டியாகிறது.

பிளாஸ்டிக் குடம் வெல்லம் போன்றது. உருக்கி வேறு அச்சில் ஊற்றலாம். ஃபைபர் அவித்த முட்டை போன்றது. ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. அதனால் பழைய பிளாஸ்டிக்கைப்போல இதை உருக்கி விற்க முடியாது.

எரிக்கலாமா?

கூடாது. எரித்தால் நச்சுப் புகை வரும். புகை குழந்தைகளின் மூச்சில் போகும். கண்ணாடி இழை எரியாது. அது மணலில் கிடந்து காலில் குத்தும்.

பிறகு என்ன வழி?

முதல் வழி, பழுது பார்ப்பது. வெடித்த இடத்தைச் சுரண்டிக் காயவைத்து, புதிய பாயும் ரெசினும் ஒட்டலாம். ரெசின் இறுக இரண்டு மருந்துகள் சேர்ப்பார்கள். அந்த இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. கலந்தால் வெடிக்கும். முதல் மருந்தை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். தெரிந்தவரைக் கொண்டே செய்யுங்கள்.

இரண்டாம் வழி, வேறு வேலைக்கு வைப்பது. நல்ல பாகத்தை வெட்டிக் கொட்டகைக்குக் கூரை போடலாம். மண் நிரப்பிச் செடி வளர்க்கலாம். கைரம்பத்தால், தண்ணீர் தெளித்து அறுங்கள். தூசி தோலில் அரிக்கும்; நுரையீரலைக் கெடுக்கும். முகமூடியும் கையுறையும் அணியுங்கள்.

மூன்றாம் வழி, சிமெண்ட் ஆலை. ஆலைச் சூளையில் 1,450 டிகிரி வரை வெப்பம் இருக்கும். அதில் ரெசின் எரிபொருளாகிறது. கண்ணாடி இழை சிமெண்டோடு சேர்ந்துவிடுகிறது. ஐரோப்பாவில் பழைய காற்றாலை இறக்கைகளை இப்படிப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டிலும் சிமெண்ட் ஆலைகள் பிளாஸ்டிக் கழிவை எரிபொருளாக்குகின்றன.

ஒரு படகை மட்டும் ஆலைக்கு அனுப்ப வண்டிக்கூலி கட்டாது. ஊரில் கிடக்கும் பழைய படகுகளை எல்லோரும் ஒரே இடத்தில் சேர்க்கலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கம் மூலம் ஊராட்சியிடமும் மீன்வளத் துறையிடமும் மனுக் கொடுக்கலாம்.

யோசியுங்கள்: உங்கள் கரையில் எத்தனை பழைய படகுகள் கிடக்கின்றன? அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவீர்களா?