ஒரே வால்வு, இரண்டு சம்பளம்

மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969-ல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை. இரண்டே ஆண்டுகளில் பக்கத்தில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் எழுந்தது. நாஃப்தாவிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து யூரியா. தெற்கே தூத்துக்குடியில் ஸ்பிக் 1975-ல் உற்பத்திக்கு வந்தது. அதற்கும் முன்பே 1936-ல் தொடங்கப்பட்ட மேட்டூர் கெமிக்கல்ஸ் இருந்தது. காயல்பட்டினத்துக்குப் பக்கத்தில் சாகுபுரம் டி.சி.டபிள்யூ. இருந்தது. வயலையும் உப்பளத்தையும் மட்டும் அறிந்திருந்த ஊர்களில் இந்த ஆலைகள் ஒரு புதுத் தொழிலாளியைக் கொண்டுவந்தன. அவர்தான் ஆபரேட்டர்.

அவர் ஃபிட்டர் அல்ல, வெல்டர் அல்ல. அவர்கள் செய்த வேலையை விரலால் தொட்டுக் காட்ட முடியும். ஆபரேட்டரின் வேலை, எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. பம்பை ஓடவிட வேண்டும், வால்வைத் திறக்க வேண்டும், டாங்கின் மட்டத்தையும் ரியாக்டரின் சூட்டையும் மணிக்கொரு தடவை லாக் புக்கில் எழுத வேண்டும். ஆறு மணிக்கோ, இரண்டு மணிக்கோ, இரவு பத்து மணிக்கோ வரும் ரிலீவரிடம் ஆலையைப் பத்திரமாக ஒப்படைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்கு என்ன விலை வைப்பது என்ற கேள்விதான் இந்தத் தொழிலின் ஐம்பது ஆண்டுக் கதை.

அன்றைக்கு வேலை தேடுவது என்றால் முதல் படி எம்பிளாய்மென்ட் ஆபீஸ். படிப்பு முடிந்ததும் பதிவு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. மறந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தேதியை நினைவில் வைத்திருப்பார்கள். 1959-ம் ஆண்டுச் சட்டப்படி, காலியிடங்களை அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது ஆலைகளின் கடமை. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் தனியாருக்கு இல்லை. ஆனால் பொதுத்துறை ஆலைகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கூப்பிட்டன. ‘இன்டர்வியூ கார்டு வந்திருக்கு’ என்பது தெருவுக்கே செய்தி. 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து விண்ணப்பித்த எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லும்வரை அந்த அட்டைக்கு இருந்த மதிப்பு பெரிது.

இரண்டாவது வழி அப்ரென்டிஸ். 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ‘அட்டெண்டன்ட் ஆபரேட்டர் (கெமிக்கல் பிளான்ட்)’ என்று தனி டிரேடே உண்டு. ஏ.ஓ.சி.பி. என்றால் எல்லோருக்கும் புரியும். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்த பையன்கள் பலரை ஆலைப் பக்கம் இழுத்தது இந்த ஏ.ஓ.சி.பி.தான். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்ற வாக்குறுதி மூன்றாவது வழி. அது எல்லா ஊரிலும் நிறைவேறியதில்லை. பத்தாம் வகுப்போடு ஹெல்பராக நுழைந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டு பைப்லைனைத் தடவித் தடவியே ஆபரேட்டர் ஆனவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்த லைன் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

வேலை கிடைப்பதற்குக் காலம் பிடித்தது. கிடைத்துவிட்டால் தேடல் அதோடு முடிந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். அன்று காத்திருப்பு கேட்டுக்கு வெளியே இருந்தது. இன்று அது கேட்டுக்கு உள்ளேயும் தொடர்கிறது.

சம்பளத்தைத் தனி ஆளின் பேரம் தீர்மானிக்கவில்லை. தொழிற்தகராறு சட்டத்தின் 12(3), 18(1) பிரிவுகளின் கீழ் சங்கமும் நிர்வாகமும் போடும் ஒப்பந்தம் தீர்மானித்தது. மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பேச்சுவார்த்தை நடக்கும் மாதங்களில் கேன்டீனில் வேறு பேச்சே இருக்காது. விலைவாசிக் குறியீடு ஏறினால் பஞ்சப்படி ஏறும். ‘இந்த மாசம் எத்தனை பாயின்ட்?’ என்று கேட்பது நலம் விசாரிப்பது மாதிரி. 1965 சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகம் போனால் 20. ரிலீவர் வராவிட்டால் இன்னொரு எட்டு மணி நேரம் நின்று டபுள் டூட்டி பார்க்க வேண்டும்; தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ம் பிரிவு அதற்கு இரட்டிப்புக் கூலி தந்தது. வீடு கட்டியதும் தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் அந்த ஓ.டி. பணத்தில்தான் என்று சொல்லும் ஓய்வுபெற்ற ஆபரேட்டர்களை மணலியிலும் மேட்டூரிலும் இன்றும் பார்க்கலாம்.

அந்தக் காலம் பொற்காலம் அல்ல. சிபாரிசும் சாதியும் பணமும் புகுந்து விளையாடிய நியமனங்கள் நிறைய. பாதரச செல்களில் காஸ்டிக் சோடா தயாரித்த நாட்களில் அந்தக் கூடத்தில் நின்றவர்களின் உடம்புக்கு என்ன ஆனது என்று கேட்பார் அதிகம் இல்லை. குளோரின் வாடை வந்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். ஆனாலும் அந்த ஆபத்துக்கு ஈடாக ஒரு நிலையான வாழ்க்கை இருந்தது. வேலையில் ஏறிய ஒவ்வொரு ஆண்டும் சம்பளத்தில் ஏறியது.

மாற்றம் எங்கே தொடங்கியது என்று தேடினால், விசித்திரமாக, தொழிலாளிக்குச் சாதகமான ஒரு சட்டத்தின் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1981-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்கிறது. இவ்வளவு தெளிவாகத் தொழிலாளி பக்கம் நிற்கும் சட்டம் இந்தியாவில் குறைவு. ஆனால் 480 என்ற எண்ணை நிர்வாகங்களும் மனப்பாடம் செய்துகொண்டன. அந்த நாள் நெருங்கும்போது ‘பிரேக்’ கொடுத்தார்கள். ட்ரெய்னி என்று பெயர் மாற்றினார்கள். கான்ட்ராக்டரை மாற்றி, ஆள் அதே ஆளாக, அட்டை மட்டும் புது அட்டையாக எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். சட்டம் இருக்கிறது, 480-ம் நாள்தான் வருவதில்லை.

1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் நோக்கம் ஒப்பந்த முறையை முறைப்படுத்துவதும், உரிய இடங்களில் ஒழிப்பதும். ஒழிக்கப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவர்களை ஆலையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1996-ல் ஏர் இந்தியா சார்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது எத்தனையோ கேட்டுகளில் பட்டாசு வெடித்திருக்கும். 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பிப்போட்டது. முறை ஒழிந்தாலும் தானாக வேலை கிடைத்துவிடாது என்றது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு கான்ட்ராக்ட் என்பது தோட்ட வேலை, கேன்டீன், மூட்டை தூக்குவது என்ற எல்லையைத் தாண்டி, மெல்ல மெல்ல பிளான்ட்டின் நடுவுக்கே வந்துவிட்டது.

இன்றைக்கு ஒரே பம்ப் ஹவுஸில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் பர்மனென்ட், இன்னொருவர் கான்ட்ராக்ட். ஒரே வால்வைத் திறக்கிறார்கள், ஒரே அமில வாடையைச் சுவாசிக்கிறார்கள். ‘அண்ணே, அந்த டிரெயின் வால்வைப் பார்த்துட்டு வந்துடறேன்’ என்று இளையவர்தான் பெரும்பாலும் உள்ளே போகிறார். சம்பளத்தில் மட்டும் ஒருவர் மலையடிவாரம், ஒருவர் மலையுச்சி.

இந்த இடைவெளியை அளக்கச் சில எண்கள் போதும். எண்ணெய்ப் பொதுத்துறையில் ஆபரேட்டர் நிலையில் சேரும் ஜூனியர் இன்ஜினீயரிங் அசிஸ்டென்டின் சம்பள ஏணி 25,000 ரூபாயில் தொடங்கி 1,05,000 வரை போகிறது. இது அடிப்படைச் சம்பளம் மட்டும்; பஞ்சப்படியும் மற்ற படிகளும் தனி. கெமிக்கல் இன்ஜினீயரிங் டிப்ளமோவோ, கணிதம், இயற்பியல், வேதியியலோடு பி.எஸ்சி.யோ இருந்தால் எழுதலாம். இடங்கள் விரல் விட்டு எண்ணும்படி இருக்கும். அதே ஆலைக்குள் அப்ரென்டிஸாகப் போகும் பட்டதாரிக்கு 2019 விதிகள் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று சட்டம் எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. கான்ட்ராக்ட் ஆபரேட்டரின் நிலையை அறிய அவர் பையில் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்கே அந்த அட்டை. வருங்கால வைப்பு நிதிக்கான சம்பள உச்சவரம்போ 2014 முதல் 15,000 ரூபாயிலேயே நின்றது. பல கான்ட்ராக்டர்கள் அதற்கு மேல் ஒரு பைசாவுக்கும் பி.எஃப். கட்டுவதில்லை. ஓ.டி.க்கு இரட்டிப்பு என்ற விதி அப்படியே இருக்கிறது, ஆனால் பலருக்கு ஒற்றைக் கூலிதான் கைக்கு வருகிறது. கேட்டால் நாளைக்கு கேட் பாஸ் இருக்காது.

வேலை தேடும் விதமும் தலைகீழாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு செய்தி வரும்: இன்ன இடத்தில் இன்டர்வியூ, டி.சி.எஸ். (ஆலையின் கணினிக் கட்டுப்பாட்டு முறை) அனுபவம் ஐந்து ஆண்டு, ரிஃபைனரி ஆட்கள் மட்டும். படித்து முடித்த பையனுக்கு அந்த ஐந்து ஆண்டை யார் தருவது என்பதற்குப் பதில் இல்லை. கன்சல்டன்சிக்காரர் ஒரு மாதச் சம்பளம் கேட்பார். குஜராத்தின் தாஹேஜ், அங்கலேஷ்வர் பக்கம் போனால் முதல் அனுபவம் கிடைக்கும் என்று டிப்ளமோ முடித்த தமிழ்ப் பையன்கள் ரயில் ஏறுகிறார்கள். கடலூரில் வரப்போகும் சுத்திகரிப்பு ஆலையை நம்பி ஒரு தலைமுறை காத்திருந்தது. கட்டுமானம் பாதியில் இருக்கும்போதே, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அதையும் சிதைத்துவிட்டுப் போனது. நிறுவனம் கடைசியில் திவாலானது.

வளைகுடா அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஜுபைலும் யான்பூவும் 1970-களின் பிற்பகுதியில் எழுந்தபோது அனுபவம் உள்ள ஆபரேட்டர்களை அங்கே கொத்திக்கொண்டு போனார்கள். தமிழ்நாடு அரசே 1978-ல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக் கழகத்தைத் தொடங்கியது. இன்று இரண்டாண்டு விசாவோடு சேர்த்து, 45 நாள், 60 நாள் ஷட்டவுன் விசாவும் பெரிய சந்தை. ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு இருக்கிறது. அதற்கு மேல் கேட்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள் என்றுதான் தம்பிகளிடம் சொல்வேன்.

சம்பளம் இறங்கிய இதே காலத்தில் வேலை கூடிக்கொண்டே போனது. அன்று பேனல் சுவர் முழுக்கக் காற்றழுத்தத்தில் இயங்கும் கன்ட்ரோலர்கள், காகிதச் சுருளில் மை கோடு போடும் ரெக்கார்டர்கள். கோடு நடுங்கினால் ஆபரேட்டருக்கு நெஞ்சு நடுங்கும். இன்று டி.சி.எஸ். திரைகளின் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவர், அன்று ஒரு குழுவே பார்த்த அத்தனை லூப்களையும் பார்க்கிறார். ஒரே நேரத்தில் வரிசையாகச் சிணுங்கும் அலாரங்களில் எது உண்மையான ஆபத்து என்று நொடியில் பிரிக்க வேண்டும். வெளியே ஃபீல்டு ஆபரேட்டர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆனால் பெர்மிட், லாக்-அவுட், ஆய்வுப் பட்டியல் என்று கையெழுத்துகள் பெருகிவிட்டன.

இங்கேதான் சம்பளப் பேச்சு உயிர்ப் பேச்சாகிறது. ஒரு ஆலையின் குணம் எந்தக் கையேட்டிலும் முழுதாக இருக்காது. இந்த லெவல் காட்டி மழைக்காலத்தில் பொய் சொல்லும், அந்த வால்வு முக்கால் சுற்றோடு மூடிவிட்டதுபோல் இருக்கும் ஆனால் கசியும் என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நின்றவர்களின் காதிலும் கையிலும் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றும் ஆலை அந்த அறிவை எட்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே அனுப்புகிறது. போபாலில் விஷவாயு கசிந்து பலரைக் கொன்ற 1984 டிசம்பர் 2 இரவுக்கு முன்பே, செலவைக் குறைப்பதற்காக, அந்த வாயுவைக் கையாண்ட எம்.ஐ.சி. பிரிவின் ஷிப்ட் குழு 12 பேரிலிருந்து 6 பேராக்கப்பட்டிருந்தது. நம் நாட்டில் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான ஆலைகளுக்கென்றே தனி அத்தியாயம் 1987-ல் சேர்ந்தது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். அந்த அத்தியாயம் அபாயத்தைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது, ஆபத்து நெருங்குவதாக நினைத்தால் எச்சரிக்கும் உரிமையையும் அவருக்குத் தந்தது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் அந்த உரிமையை எப்படிக் கையில் எடுப்பார்?

பெண்கள் விஷயத்தில் மட்டும் ஒரு கதவு திறந்திருக்கிறது. இரவு வேலைக்கு இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் நீக்கியது. வேதியியல் படித்த பெண்கள் ஆய்வுக்கூடத்தோடு நிற்காமல் கன்ட்ரோல் ரூமுக்கு வர அது வழி செய்தது. ஆனால் எண்ணிக்கை இன்னும் சொற்பம்தான்; பெண்களுக்கு உடை மாற்றும் அறைகூட இல்லாத பிளான்ட்டுகள் இருக்கின்றன.

உடனடியாக மாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது. கான்ட்ராக்டில் ஏழெட்டு ஆண்டு ரியாக்டர் ஓட்டியவருக்குக் கிடைக்கும் அனுபவச் சான்றிதழில் மேன்பவர் சப்ளை நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். எந்த ஆலை, எந்த யூனிட், என்ன வேலை என்று ஒரு வரி இருக்காது. அடுத்த இன்டர்வியூவில் ‘ஹெல்பரா இருந்தீங்களா?’ என்று கேட்டு, மறுபடியும் புது ஆளின் சம்பளத்தைச் சொல்வார்கள். எந்த ஆலைக்குள் நின்றாரோ அந்த ஆலையின் மேலாளர், இவர் இன்ன யூனிட்டில் இத்தனை ஆண்டு ஆபரேட்டர் வேலை பார்த்தார் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்பதைத் அரசு விதியாக்கலாம். ஷிப்ட் லாக் புக்கில் தினமும் அவர் கையெழுத்து இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொடுக்க அரைமணி நேரம் போதும்.