சத்தம் எப்போ வருது?

மெக்கானிக் கடையில் வண்டியை நிறுத்தியதும் நாம் எல்லோரும் மிமிக்ரி கலைஞர்கள் ஆகிவிடுகிறோம். "அண்ணே, எஞ்சின்ல 'டிக் டிக்'னு ஒரு சத்தம். சில நேரம் 'கட கட'ங்குது. நேத்து 'கர்ர்'ன்னு இழுத்துச்சு." கைதேர்ந்த மெக்கானிக் இதைப் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு வேறு கேள்வி கேட்பார். "எப்போ வருது தம்பி? காலையில ஸ்டார்ட் பண்ணினதுமா, வண்டி சூடானப்புறமா? ஏத்தத்துலயா, ஆக்சிலேட்டரை விடும்போதா? கிளட்ச்சைப் பிடிச்சா நிக்குதா?"

நாம் சத்தத்தின் சாயலைச் சொல்கிறோம், அவர் அதன் நேரத்தைக் கேட்கிறார். அறிவியல் அவர் பக்கம்தான்.

சாயலை நம்ப முடியாததற்குக் காரணம் எஞ்சினின் உடம்பு. உள்ளே எங்கே எது தட்டினாலும் அந்த அதிர்வு ஒரே அலுமினியக் கூட்டின் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். கூடு தன் சொந்தக் குரலையும் அதில் கலந்துவிடும். காற்றால் குளிரும் எஞ்சின்களில் சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய ஃபின்கள் இந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்யும். பல வண்டிகளில் ஃபின்களுக்கு நடுவே சின்னச் சின்ன ரப்பர் துண்டுகள் செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபின்கள் கணகணக்காமல் இருக்கத்தான் அவை. வண்டி கழுவும்போது நான்கைந்து விழுந்துவிட்டால் எஞ்சினுக்குள் எந்தக் கோளாறும் இல்லாமலே சத்தம் கூடிவிடும்.

நேரம் அப்படிக் கலங்காது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான், வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்றும். கேமின் பல்சக்கரத்தில் கிராங்கின் பல்சக்கரத்தைவிடச் சரியாக இரண்டு மடங்கு பற்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1400 சுற்றில் ஐடிலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்கோடு சேர்ந்து வரும் தட்டல் விநாடிக்கு 23 முறை வரும். கேமோடு சேர்ந்தது கிட்டத்தட்ட 12 முறை. நம் காதுக்கு ஒரு எல்லை உண்டு. விநாடிக்கு இருபதுக்குள் வரும் தட்டல்களைத்தான் அது தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும், அதற்கு மேல் போனால் எல்லாம் சேர்ந்து ஒரே உறுமல். அதனால்தான் ஐடிலில் கேம் பக்கத்துச் சத்தம் 'டிக் டிக்' என்று எண்ணக்கூடியதுபோல் கேட்கிறது. அதே வண்டியை 4000 சுற்றுக்கு முறுக்கினால் அந்த டிக்குகள் விநாடிக்கு 33 ஆகி ரீங்காரமாக மாறிவிடும். கடைக்குள் வந்ததும் ஆக்சிலேட்டரை முறுக்கு முறுக்கென்று முறுக்கிக் காட்டுபவர் தடயத்தை அழித்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்ப்ளெண்டர் மாதிரியான வண்டிகளில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, பரவாயில்லை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் சைலன்சர் 'துப்' என்று புகையைத் துப்பும். போனில் பத்து விநாடி பதிவு செய்து, கால் வேகத்துக்குக் குறைத்துப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு 'துப்'புக்கும் ஒரு 'டிக்' என்றால் கேம் பக்கம். சம இடைவெளியில் இரண்டு என்றால் கிராங்க் பக்கம். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு டேப்பட்டும் லூசாகியிருந்தாலும் இரண்டு டிக் வரும். ஆனால் அவற்றின் இடைவெளி நொண்டும்.

பெரும்பாலும் குற்றவாளி டேப்பட்தான், அதாவது வால்வுச் சந்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. வால்வின் தண்டுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு சந்து விட்டிருப்பார்கள். சிறிய வண்டிகளில் இது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி, தலைமுடியின் தடிமனளவுக்கு இருக்கும். வால்வு சூடேறி நீளும்போது அதற்கு இடம் வேண்டுமல்லவா, அதற்காக. இங்கே ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. கேமின் முட்டை வடிவம் சட்டென்று மேலேறுவதில்லை. ஏறும் முன் மிக லேசான ஒரு சரிவு, இறங்கி முடியும்போதும் அப்படியே ஒரு சரிவு. அந்தச் சரிவின் மேல்தான் சந்து மெதுவாக அடைபடும், ராக்கர் வால்வை அடிக்காமல் தொடும். தேய்மானத்தால் சந்து அந்தச் சரிவின் உயரத்தைத் தாண்டிவிட்டால், ராக்கர் மெதுவான பகுதியைத் தவறவிட்டுச் செங்குத்தான ஏற்றத்தில் போய் மோதும். முடியளவு வித்தியாசத்துக்குச் சத்தம் திடீரென்று கிளம்புவது இதனால்தான்.

சரிசெய்வது எளிது, நிதானம் வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மேக்னெட்டில் உள்ள 'டி' குறியைக் கவரில் உள்ள கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில்தான் நிற்கிறதா, ராக்கர்கள் இரண்டும் ஆடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஃபீலர் கேஜின் தகட்டைச் சந்தில் விட்டு, லேசான பிடிப்போடு அது வழுக்கி வரும் அளவில் திருகை நிறுத்தி லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் இறுக்கியபின் மறுபடியும் தகட்டை விட்டுப் பார்க்காதவர் வேலையை முடிக்கவில்லை.

சில கடைகளில் வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்த டேப்பட்டை ஒரேயடியாக டைட் வைத்து அனுப்புவார்கள். வண்டி அமைதியாகிவிடும். நான் அஞ்சுவது அந்த அமைதிக்குத்தான். சந்து இல்லாவிட்டால் சூட்டில் நீண்ட வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் பெரும்பகுதி இருக்கையைத் தொடும் அந்த நேரத்தில்தான் சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்குகிறது. தொடாவிட்டால் வால்வின் விளிம்பு கருகி, கம்ப்ரஷன் ஒழுகி, கடைசியில் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். ஹைட்ராலிக் டேப்பட் உள்ள எஞ்சின்களில் இந்தத் தொல்லை இல்லை, எண்ணெய் அழுத்தமே சந்தை அடைத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் சில விநாடி 'டிக் டிக்' என்றுவிட்டு அடங்கினால், எண்ணெய் மேலேறி வரும் வரை காத்திருந்தது என்று அர்த்தம்.

நேரக் கணக்கை ஏமாற்றும் ஒரு போலியும் உண்டு. சைலன்சர் பெண்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருந்தால், அங்கே கசியும் புகையும் ஒரு 'துப்'புக்கு ஒரு 'டிக்' என்றுதான் ஒலிக்கும். அச்சு அசல் டேப்பட். இதைத் தெரியாமல் டேப்பட்டை மூன்று முறை அட்ஜஸ்ட் செய்தவர்கள் இருக்கிறார்கள். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். ஐடிலில் சைலன்சர் வாயைத் தடித்த ஈரத்துணியால் ஒரு கணம் மூடினால் கசிவுச் சத்தம் பெருகும். டேப்பட்டுக்கு அந்தத் துணியைப் பற்றிக் கவலையில்லை.

அடுத்து, சூடும் குளிரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டொக் டொக்' என்று கேட்டு, ஐந்து நிமிடத்தில் குறைந்தால் அது பெரும்பாலும் பிஸ்டன் ஸ்லாப். பிஸ்டன் அலுமினியம், பல எஞ்சின்களில் அது உரசி ஓடும் சிலிண்டரின் உள்சுவர் வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், அதனால் குளிரில் தளர்வாக ஆடும் பிஸ்டன் சூடானதும் பொருந்திக்கொள்ளும். அது ஆடும் தருணமும் கணக்குப்படிதான். பிஸ்டன் உச்சியைத் தாண்டும்போது கனெக்டிங் ராட் சாயும் பக்கம் மாறுகிறது, உடனே பிஸ்டன் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குத் தாவி மோதுகிறது. இந்த மோதலை மென்மையாக்கப் பல எஞ்சின்களில் பிஸ்டன் பின்னைச் சரியான நடுவில் வைக்காமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். பிஸ்டன் தலையில் 'இன்' என்றோ அம்புக்குறியோ பொறித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதைப் பார்க்காமல் திருப்பிப் போட்டால் புத்தம்புது பிஸ்டனும் தட்டும்.

இதற்கு நேர்மாறானது கனெக்டிங் ராட் சத்தம். குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்து பேரிங்கின் தேய்மானத்தை மறைத்துவிடும், சூடானதும் எண்ணெய் இளகி 'கட் கட்' வெளியே வரும். பாரம் ஏற்றினால் கூடும். சூட்டில் குறைந்தால் கொஞ்ச நாள் ஓட்டலாம், சூட்டில் கூடினால் அன்றைக்கே நிறுத்த வேண்டும். ராட் முறிந்தால் எஞ்சின் கூட்டையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சரிசெய்யக் கிராங்கை முழுதாக வெளியே எடுத்து, பிரஸ்ஸில் பிரித்து, புது ராட் கிட் ஏற்றி, இரண்டு பக்கமும் நேராகச் சுற்றுகிறதா என்று டயல் கேஜில் பார்த்து அனுப்பும் பட்டறைக்குத்தான் போகவேண்டும். தெருமுனைக் கடையில் சுத்தியலால் தட்டி நேராக்குகிறேன் என்றால் கிராங்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை. பழைய எண்ணெயை வெள்ளைத் துணி வழியாக வடித்து, தங்கும் துகள்களின் பக்கம் காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒட்டிக்கொள்பவை கியர், பேரிங், செயின் போன்ற இரும்பு உறவுகள். ஒட்டாத வெள்ளிநிறப் பொடி பெரும்பாலும் பிஸ்டன் அல்லது கூட்டின் அலுமினியம். பொன்னிறமாக மின்னினால் வெண்கலப் புஷ் தேய்கிறது. அதற்கும் முன்னால் செய்யவேண்டியது எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது! சிறிய வண்டிகளுக்கு மொத்தமே ஒரு லிட்டரைச் சுற்றித்தான் எண்ணெய். அதில் கால் லிட்டர் குறைந்தாலே டேப்பட்டும் டைமிங் செயினும் பேச ஆரம்பித்துவிடும்.

இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கின் கருவி நீளமான ஸ்குரூ டிரைவர். முனையை ஹெட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதருகே எலும்பில் அழுத்துகிறார். விளையாட்டாகத் தெரியலாம், ஆனால் இதன் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. உலோகத்தில் ஓடும் ஒலி காற்றில் இறங்கத் தயங்கும், எல்லையில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். ஸ்குரூ டிரைவர் காற்றையே தவிர்த்துவிட்டு, ஒலியை உலோகத்திலிருந்து மண்டை எலும்புக்கு நேராகக் கடத்துகிறது. எஃகில் அது விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகும், காற்றில் 340 மீட்டர்தான். முனையை ஹெட், சிலிண்டர், மேக்னெட் கவர், கிளட்ச் கவர் என்று மாற்றி மாற்றி வைத்தால் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே ஆள் இருக்கிறான். சுற்றுகிற பாகங்களுக்கும் சூடான சைலன்சருக்கும் கையையும் சட்டையையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்குரூ டிரைவர் அதிகம் உதவாத ஒரு சத்தம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு முறுக்கினால் 'கிளிங் கிளிங்' என்று ஒரு கொத்துச் சாவியைக் குலுக்கியதுபோல் கேட்குமே, அந்த நாக்கிங். உலோகத்தோடு உலோகம் மோதுவதாகவே தோன்றும். ஆனால் உள்ளே எந்த உலோகமும் எதோடும் மோதவில்லை. பிளக் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் பரவும்போது, இன்னும் எரியாத மூலைக் கலவை நசுங்கிச் சூடாகித் தன் பாட்டுக்கு ஒரே நொடியில் வெடித்துவிடுகிறது. அந்த அழுத்த அலை சிலிண்டருக்குள் இங்கும் அங்கும் எதிரொலிக்கிறது. நாம் கேட்பது வாயு அடிக்கும் மணி.

மணி என்றால் அதற்குச் சுருதியும் இருக்க வேண்டுமே. 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் அதைக் கணக்கிட்டார். நிலவுக்குப் போன அப்போலோ கலங்களின் வழிகாட்டிக் கருவிகள் பிற்பாடு இவருடைய ஆய்வகத்தில்தான் உருவாயின. அவர் கணக்குப்படி சுருதியை முடிவு செய்பவை இரண்டு: சூடான வாயுவில் ஒலியின் வேகமும் சிலிண்டரின் விட்டமும். பழைய புல்லட் 350-இன் விட்டம் 70 மில்லிமீட்டர். வாயுவில் ஒலி விநாடிக்கு 950 மீட்டர் போகிறது என்று கொண்டால் அந்த மணி விநாடிக்கு ஏறத்தாழ 8000 முறை அதிரும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்ப்ளெண்டரில் 11,000. எவ்வளவு முறுக்கினாலும் இந்தச் சுருதி பெரிதாக மாறாது. எஞ்சினின் மற்ற தட்டல்களுக்கெல்லாம் கிராங்க் தாளம் போடுகிறது, இதன் சுருதி மட்டும் கிராங்குக்குக் கட்டுப்படாது. கார்களில் உள்ள நாக் சென்சர் இந்த அதிர்வெண்ணுக்கு மட்டும் காது கொடுத்து, கேட்டதும் பிளக் பற்றும் நேரத்தைப் பின்தள்ளிவிடும்.

இந்த மணியை அடக்கத்தான் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தார். மணி அடங்கியது, ஆனால் அதற்குப் பிறகு உலகம் பல பத்தாண்டுகள் ஈயத்தைச் சுவாசித்தது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது 2000-ல்.

நாக்கிங்குக்கு முதல் மருந்து ஒரு கியர் குறைப்பது. சமவெளியிலும் தனியாகப் போகும்போதும் கேட்டால், பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கரி படிந்து கம்ப்ரஷனைக் கூட்டியிருக்கலாம், ஹெட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். கார்புரேட்டர் வண்டி என்றால் கலவையில் காற்று மிகுந்திருக்கிறதா, மேனிஃபோல்டு ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ரப்பர் வெடித்திருந்தால் ஐடிலும் தாறுமாறாக ஏறி இறங்கும்.