உரிமம் கைமாறியது, சயனைடு மேடு தங்கிவிட்டது

கோலார் தங்கவயலின் நவீன வரலாற்றைத் தொடங்கிவைத்த அயர்லாந்துக்காரர், வெட்டியெடுத்த பொன்னைவிட, வெட்டும் உரிமையைக் கைமாற்றியதாலேயே சுரங்கத்தொழிலின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறார். நியூசிலாந்தின் மாவோரிப் போரில் பணியாற்றி, ஓய்வுபெற்றபின் பெங்களூரு கன்டோன்மென்ட்டில் குடியேறிய இந்தப் படைவீரர், கோலார்ப் பகுதிக் கிராமத்தார் மண்ணை அலசித் தங்கத்துகள் எடுப்பதைப் பற்றி 1804-இல் வெளிவந்த குறிப்பொன்றைப் படித்து, 1871-இல் ஏறத்தாழ 100 கி.மீ. மாட்டுவண்டியில் சென்று அந்நிலத்தை ஆராய்ந்தார்.

1873-இல் அவர் அரசிடம் விண்ணப்பித்தபோது முன்வைத்த வாதம், முயற்சி வென்றால் ஆதாயம் அரசுக்கு, தோற்றால் அரசுக்குச் செலவேதுமில்லை என்பதாகும். 1875-இல் அவருக்கு 20 ஆண்டுக்கால உரிமம், அதாவது குறித்த எல்லைக்குள் கனிமம் தோண்டுவதற்கான தனியுரிமை, கிடைத்தது. ஆனால் ஆழம் கூடக்கூடச் செலவும் கூடியதால், 1877-இல் அதைக் கன்டோன்மென்ட் படை அதிகாரிகள் சிலருக்கு மாற்றிக்கொடுத்தார். அவர்கள் வழியாக 1880-இல் லண்டன் சுரங்க நிறுவனமொன்று உள்ளே வந்தது.

முதலில் உரிமம் பெற்றவர் ஒதுங்கியபின் வளர்ந்த தொழிலுக்கு 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே இறங்கியது. ஆழத்தின் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரெனச் சிதறும் பாறைவெடிப்பு என்ற ஆபத்துக்கிடையே உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள், அவர்களுள்ளும் தலித் மக்களே மிகுதி. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்படும்வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது.

1873-ஆம் ஆண்டு விண்ணப்பத்தின் கணக்கு ஆதாயத்தையும் செலவையும் பேசியதே தவிர, மிச்சத்தைப் பேசவில்லை. ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கமே கிடைக்கும் என்பதால், அரைத்த பாறைமாவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துப் பொன்னைக் கரைத்துப் பிரித்தபின் எஞ்சும் கழிவுமண் முழுவதும் ஊரருகிலேயே குவிக்கப்பட்டது. சயனைடு மேடு என்று வழங்கும் அக்குவியல்கள் கோடைக்காற்றில் தூசாகி வீடுகளுக்குள் படிகின்றன. அத்தூசியிலுள்ள நுண்மணல் நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் என்னும் மூச்சுநோய் வரக்கூடும்.

துணிந்து முதலிறக்கும் இத்தகையோர் இல்லாவிடில் அங்கே நகரமோ வேலைவாய்ப்போ தோன்றியிராது என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் இடரேற்றவர் பங்கை மாற்றிவிட்டு வெளியேற வழி இருந்தது; மேட்டடியில் குடியிருப்போருக்கு அவ்வழி இல்லை.

சுரங்கம் மூடப்பட்டபின் நிலத்தைச் சீர்செய்யும் மூடல் திட்டத்தையும், அதற்கான நிதி உறுதியையும் இந்திய விதிகள் கட்டாயமாக்கியது 2003-இல்தான்; அதற்கு ஈராண்டு முன்பே கோலார் மூடப்பட்டிருந்தது. இப்போது அம்மேடுகளில் எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் உரிமையை ஏலம்விட 2024-இல் இசைவு கிடைத்துள்ள நிலையில், ஏலத்தில் வென்றவர் உரிமத்தை வேறொருவருக்கு மாற்றினாலும் மேட்டைச் சீர்செய்யும் கடமை உரிமத்தோடு சேர்ந்தே மாற வேண்டும். அதற்கான தொகையும் முதல் மண்ணை அள்ளுமுன்பே வைப்பாகப் பெறப்பட வேண்டும். இவ்விரு நிபந்தனைகளும் இல்லாத ஏலம் 1875-ஆம் ஆண்டு உரிமத்தின் மறுபதிப்பாகவே முடியும்.